பொய் கண்டுபிடிக்கும் வகுப்பில் ஒரு சாவு

என்னை வாத்தியார் ஆக்கியது என் பழைய தொழில்தான். அதில் படிப்பு குறைவு, பொய் அதிகம்.

எட்டாம் வகுப்புப் பாதியில் அப்பா லாரி ஏறிப் போனார், திரும்பவில்லை. விபத்தெல்லாம் இல்லை. வேறு ஊர், வேறு குடும்பம். நான் பள்ளிக்கூடத்துக்குப் போவதை நிறுத்தியதை வருகைப் பதிவேடு மட்டும்தான் கவனித்தது. பிறகு லாரியில் கிளீனர், கேரளாவில் பரோட்டாவுக்கு மாவு பிசைபவன், திருப்பூரில் சாயப் பட்டறை. பட்டறையில் இருந்த இரண்டு வருஷமும் என் கைகள் முழங்கை வரை நீலமாக இருந்தன. சோறு பிசைந்தால் சோறும் கொஞ்சம் நீலமாகும். பசிக்கு நிறம் தெரியாது என்பதால் அதை ஒரு குறையாக நினைத்ததில்லை. இடையில் வேலை இல்லாத நாட்களில் பேருந்து நிலையங்களில் படுத்திருக்கிறேன். அதற்கு ஒரு முறை இருக்கிறது. செருப்பைத் தலைக்கு அடியில் வைக்க வேண்டும். அவ்வளவுதான் முறை.

கடைசியில் மதுரையில் ஒரு பிளக்ஸ் கடையில் ஒட்டிக்கொண்டேன். கம்ப்யூட்டரில் படங்களை வெட்டி ஒட்டும் வேலை. பிறந்தநாள், காதுகுத்து, சடங்கு, கட்சிக் கூட்டம், கண்ணீர் அஞ்சலி என்று மதுரைக்காரன் எதற்கும் ஒரு பிளக்ஸ் வைத்தால்தான் அது நடந்ததாக ஒப்புக்கொள்வான். தலைவரைப் பார்த்தே இராதவர்களைத் தலைவரோடு கைகுலுக்க வைத்தேன். ஜீன்ஸ் போட்டு வந்தவருக்கு வேட்டி கட்டிவிட்டேன். இறந்தவர்களின் தலைமுடியைக் கறுப்பாக்கினேன். ஒருமுறை அவசரத்தில் ஒரு பெரியவரின் தலையை வேறொருவர் உடம்பில் வைத்துவிட்டேன். குடும்பத்தில் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. "அப்பா சட்டையில கம்பீரமா இருக்காரு" என்று மகன் கண் கலங்கினார்.

அந்தக் கடைக்குத்தான் டீச்சரம்மா வந்தார். பசுமலையில் மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் முப்பது வருஷத்துக்கு மேல் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவர். ஓய்வு அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கைபேசியில் வரும் செய்திகளில் எது மெய், எது பொய் என்று பிரித்துப் பார்க்க ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுக்கும் சிறிய அமைப்பு ஒன்றை நடத்திவந்தார். அதற்கு ஒரு பேனர் அடிக்க வேண்டும். ஒரு பக்கம் பொய்ப் படம், மறுபக்கம் மெய்ப் படம். நான் பார்த்துவிட்டு, "மேடம், ரெண்டுமே பொய்தான். இந்த மெய்ப் படத்துல ஆளு நிழல் இங்கிட்டு விழுது, மரத்து நிழல் அங்கிட்டு விழுது. ஒட்டுன படம்" என்றேன்.

டீச்சரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"தம்பி என்ன படிச்சிருக்கீங்க?"

"எட்டாவது. அதுலயும் பாதி."

"பரவாயில்ல. மீதிப் பாதியை நான் பாத்துக்கிறேன்" என்றார். மறுமாதம் நான் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். புரொஜெக்டரைச் சுமப்பதற்குத்தான் எடுத்தார். அவருக்கு முழங்கால் வலி வந்த பிறகு வகுப்பையும் நானே சுமந்தேன்.

டீச்சரம்மாவின் பாடத்தில் மூன்று கேள்விகள். சொன்னது யார்? எப்போது சொன்னது? வேறு எங்காவது வந்திருக்கிறதா? மூன்றும் நல்ல கேள்விகள். ஆனால் அவற்றை எழுதியவருக்குக் கொழுந்தன் கிடையாது என்று நினைக்கிறேன்.

ஒரு வகுப்பில், வேப்பங்குச்சியைக் காதில் வைத்தால் பார்வை திரும்பும் என்ற வீடியோவைப் போட்டு, இதைச் சொன்னது யார் என்று கேட்டேன்.

"எங்க கொழுந்தன்" என்றார் ஒரு அம்மா.

"அவரு அனுப்புனாருக்கா. சொன்னது யாரு?"

"அதான் சொல்றேன்ல. எங்க கொழுந்தன்தான். அவரைப் பொய்யிங்கிறியா?"

"அவரை இல்லக்கா, வீடியோவை."

"ரெண்டும் ஒண்ணுதான. நாளைக்கு எம்மக சடங்குக்குப் பந்தல் போட அவருதான் மொத ஆளா வந்து நிக்கணும். நீயா வந்து நிப்ப?"

பக்கத்தில் இருந்தவர் சமாதானமாகச் சொன்னார். "விடு தம்பி. நாங்க யாரும் காதுல குச்சி வைக்கல. அனுப்புனாரேன்னு ஒரு கும்புடு போட்டு அடுத்த ஆளுக்குத் தள்ளிவிட்டோம். வந்ததை வச்சுக்கிட்டு சும்மா இருந்தா மரியாதையா?"

எங்கள் பக்கத்தில் ஒரு செய்தி உண்மையா என்று யாரும் பார்ப்பதில்லை என்பது தவறு. பார்க்கிறார்கள். அனுப்பியவர் என்ன முறை என்று பார்க்கிறார்கள். மாமன் முறை என்றால் மெய். பங்காளி என்றால் யோசிக்கலாம். நான் எந்த முறையும் இல்லாதவன், எந்த ஊரிலும் வீடு இல்லாதவன். என் பேச்சை நம்ப அவர்களுக்கு எந்தக் காரணமும் இல்லை. இதை டீச்சரம்மாவிடம் சொன்னபோது, "அப்ப செஞ்சு காட்டுங்க தம்பி. கண் முன்னாடி ஒரு பொய்யைத் தயார் பண்ணுங்க. பாத்தா நம்புவாங்க" என்றார். அறிவியல் டீச்சர். சோதனைக் கூடத்தில் தவளையை அறுத்துக் காட்டிப் பழகியவர். அந்த யோசனையில்தான் எல்லாம் வந்தது.

டி. கல்லுப்பட்டிக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமம். திங்கட்கிழமை காலை, சமுதாயக் கூடத்தில் வகுப்பு. நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள்தான் அதிகம். பாதி வகுப்பில் இடுப்பில் ஒரு ஸ்பேனரைச் செருகிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார். பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டியின் ஆப்பரேட்டர். காலையில் எந்தத் தெருவுக்கு முதலில் தண்ணீர் என்பது அவர் கையில் இருந்தது. அதனால் ஊரில் அவரைப் பார்த்து யாரும் முகம் சுளிப்பதில்லை. அவருடைய அப்பா காலம் வரை அந்தக் குடும்பம் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தது. அவர் கைக்கு வால்வு வந்திருந்தது. மகள் படித்து, கல்லுப்பட்டியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள்.

உட்காரும்போதே அறிவித்தார். "வெள்ளிக்கிழமை எம்மகளுக்குப் பூ வைக்க சமயநல்லூர்ல இருந்து வாராக. எல்லாரும் வந்துருங்க. சார், நீயும் வா மாப்ள. சோறு உண்டு."

ஐந்து நிமிஷத்தில் அவர் வகுப்பைக் கைப்பற்றிவிட்டார். நான் எதைச் சொன்னாலும் அதற்கு மேல் ஒரு வார்த்தை. பெண்கள் சிரித்தார்கள். அதனால், நான் இப்போது கைபேசியிலேயே ஒரு பொய்ப் போஸ்டர் செய்து காட்டப்போகிறேன், ஒரு ஆள் படம் வேண்டும் என்றதும் அவர்தான் எழுந்து நின்றார்.

"என்ன போஸ்டர்?"

"கண்ணீர் அஞ்சலி."

கூடம் சிரித்தது. வகுப்பில் இருந்த அவர் மனைவி மட்டும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "வேற ஆளைப் போடு தம்பி. வீட்டுல நல்ல காரியம் வச்சிருக்கோம்."

"ஏய், எமன் என்ன வாட்ஸப்பு பாத்தா வாரான்? நீ எடு மாப்ள. முடியை மட்டும் கொஞ்சம் சேத்துப் போடு."

அந்த அம்மா சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. எனக்கும் கைதட்டல் ருசித்திருந்தது.

படம் எடுத்தேன். பின்னால் நீல வானம், மேகம், இரண்டு புறா, ஓரத்தில் எரியும் விளக்கு, கீழே ரோஜா. முடி சேர்த்தேன். 'இடிபோன்ற செய்தி' என்று மேலே. 'இவண்: குடும்பத்தினர் மற்றும் குடிநீர் பெறுவோர்' என்று கீழே. அதற்கும் கீழே, அச்சகத்தின் பெயர் வரும் இடத்தில், சிவப்புப் பட்டையில் 'இது பொய்யான படம்' என்று போட்டேன். மூன்றரை நிமிஷம். சுவரில் புரொஜெக்டர் வெளிச்சத்தில் அவர் பெரிதாக, சாந்தமாக, செத்துப்போயிருந்தார்.

"நல்லாத்தான் இருக்கேன்" என்றார் அவர், சுவரைப் பார்த்து. "எம்புட்டு அழகா இருக்கேன் பாருங்கத்தா."

"அப்ப நாளைக்குத் தண்ணி யாருண்ணே தெறப்பா?" என்று பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டார். கூடமே குலுங்கியது. பலர் கைபேசியைத் தூக்கிச் சுவரைப் படம் எடுத்தார்கள். நான் பெருமையோடு நின்றேன். நான் எடுத்த வகுப்புகளில் அதுதான் சிறந்தது.

மதியம் தக்காளிச் சோறு சாப்பிட்டுவிட்டு, புரொஜெக்டரை முதுகில் மாட்டிக்கொண்டு கல்லுப்பட்டி பேருந்து நிறுத்தத்தில் நின்றேன். மணி மூன்றரை இருக்கும். எனக்கு அருகில் இரண்டு பேர் ஒரு கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நம்ம டேங்க் ஆப்பரேட்டருல்ல?"

"ஆமாப்பா. காலையில கூட டீக்கடையில பாத்தேன். நல்லாத்தான் பேசிக்கிட்டு இருந்தாப்ல."

"மனுசன் வாழ்க்கை அவ்வளவுதான். என்ன இருக்கு சொல்லு."

எட்டிப் பார்த்தேன். என் புறா, என் விளக்கு, என் ரோஜா. சிவப்புப் பட்டை இல்லை. எவரோ விளையாட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். எவரோ கீழே கொஞ்சம் வெட்டியிருக்கிறார்கள். பட்டையை வெட்டினால் படம் சதுரமாக நன்றாக இருக்கும் என்பது எனக்கே தெரியும். நானும் அப்படித்தான் வெட்டியிருப்பேன்.

"அண்ணே, அது பொய். அதை நான்தான் செஞ்சேன்" என்றேன்.

இருவரும் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். "போப்பா அங்கிட்டு. செத்த வீட்டு விசயத்துல வெளையாடிக்கிட்டு" என்றார் ஒருவர்.

ஷேர் ஆட்டோ பிடித்துத் திரும்பினேன். எனக்கு முன்பே ஒரு குட்டியானை வண்டி ஊருக்குள் நுழைந்திருந்தது. திருமங்கலம் பக்கத்திலிருந்து ஆப்பரேட்டரின் மச்சான் குடும்பம். வண்டி நிறையச் சனம், கையில் ரோஜா மாலை. பெண்கள் தெருமுனையிலேயே இறங்கி, தலைமுடியை அவிழ்த்துவிட்டு, மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் சாவைக் கேதம் என்போம். கேதச் செய்தி வந்தால் யாரும் திருப்பிப் போன் போட்டு உண்மையா என்று கேட்பதில்லை. பொருள் உடைந்த வீட்டில் போய் உடைந்ததா என்று கேட்கலாம். ஆள் போன வீட்டில் போனாரா என்று கேட்டால், பிறகு ஏழு வருஷம் அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் கிடைக்காது. செய்தி காதில் விழுந்தால் போட்ட சட்டையோடு கிளம்ப வேண்டும். கல்யாணத்துக்கு வராவிட்டால் மன்னிப்பார்கள். கேதத்துக்கு வராதவனைத் திட்டிக்கொண்டேதான் குடும்பம் சாகும். சரிபார்ப்பவன் இந்த ஊரில் கல்நெஞ்சுக்காரன். இதை டீச்சரம்மாவின் பாடம் யோசிக்கவில்லை. அதை நடத்திய நானும் யோசிக்கவில்லை.

செத்தவர் அப்போது தொட்டியின் மேலே நின்று பிளீச்சிங் பவுடர் போட்டுக்கொண்டிருந்தார். கைபேசி வீட்டில் சார்ஜில் கிடந்தது. அழுகைச் சத்தம் கேட்டு மேலிருந்து எட்டிப் பார்த்தார்.

"யாரு வீட்டுலத்தா கேதம்?"

முதலில் மேலே பார்த்தது அவருடைய மச்சான் மனைவி. அழுகையை நடுவில் நிறுத்துவது ஓடுகிற பேருந்தில் இருந்து இறங்குவது மாதிரி. கொஞ்ச தூரம் கூடவே ஓடித்தான் நிற்க முடியும். "எங்கண்ணே, எங்களை விட்டுப் போயிட்டியே" என்று அவரைப் பார்த்துக்கொண்டே இரண்டு அடி பாடிவிட்டுத்தான் வாயை மூடினார். பிறகு கோபம் வந்தது.

"ஏண்ணே, உசுரோடவா இருக்க?"

"ஏத்தா, இருக்கக் கூடாதா?"

"வந்த சனத்துக்கு என்ன பதில் சொல்ல? வேலைக்கு லீவு போட்டு வந்திருக்கோம்."

அதற்குள் அந்த அம்மா என்னைப் பார்த்துவிட்டார். போன மாதம் அவருடைய ஊரில் நான் எடுத்த வகுப்புக்கு வந்தவராம். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாராம். "சார், நீங்கதான சொன்னீக. ஒண்ணு வந்தா உடனே நம்பாதீக, வேற எங்கயாச்சும் வந்திருக்கான்னு பாருங்கன்னு. பாத்தேன் சார். ஆறு குரூப்புல பாத்தேன். ஆறுலயும் இருந்துச்சு. அப்பறம்தான் அழுதேன்."

அந்த ஆறு குழுவுக்கும் அது ஒரே சுவரில் இருந்துதான் போயிருந்தது. ஆறு இடத்தில் இருக்கிறது என்பதும், ஆறு பேர் பார்த்தார்கள் என்பதும் வேறு வேறு என்று நான் எந்த வகுப்பிலும் சொன்னதில்லை. எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

கல்லுப்பட்டியிலிருந்து மகள் ஆட்டோவில் வந்து இறங்கினாள். வெள்ளைக் கோட்டுப் போட்டிருந்தாள், காலில் ஒரு செருப்புதான் இருந்தது. கீழே இறங்கி வந்திருந்த அப்பாவைப் பார்த்தாள். கையைப் பிடித்து, நாடி பார்ப்பது போலக் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு தொட்டியடியில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. அவளிடம் போய் நான்தான் செய்தேன் என்று சொன்னேன். "தெரியும்ணே. இப்பதான் அம்மா சொன்னாங்க" என்றாள். திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

மாலையை என்ன செய்வது என்பது ஒரு பிரச்சினையாக இருந்தது. வாங்கி வந்ததைத் திருப்பி எடுத்துப்போகக் கூடாது, வீட்டுக்குள்ளும் வைக்கக் கூடாது. கடைசியில் கண்மாய்க்கரையில் போட்டுவிட்டு வந்தார்கள்.

உண்மையான அடி அன்று சாயங்காலம் விழுந்தது. சமயநல்லூரில் இருந்து மாப்பிள்ளையின் அம்மா போன் செய்தார். வெள்ளிக்கிழமை வேண்டாம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். எங்கள் பக்கம் கல்யாணப் பேச்சில் 'பிறகு' என்ற சொல்லுக்கு இல்லை என்று அர்த்தம். ஆப்பரேட்டரின் மனைவி கதவுப் பக்கம் உட்கார்ந்து, நல்ல இடம், நிலம் உண்டு, பையன் வேலையில் இருக்கிறான், மூன்று வருஷமாகப் பார்த்து அமைந்த இடம் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். என்னிடம் சொல்லவில்லை. ஆனால் நான் கேட்கிற தூரத்தில் இருந்தேன்.

ஆப்பரேட்டர் என்னைப் பார்த்தார். "நீதான கொன்ன மாப்ள. நாளைக்கு நீயே வந்து உசுரு குடு."

டீச்சரம்மாவுக்குப் போன் செய்தேன். முழுவதும் கேட்டுவிட்டு, "தவளையையாவது கேட்டுட்டுத்தான் அறுத்திருக்கணும் போல" என்றார். "தப்பு என்னோட யோசனை. ஆனா கையி உங்களோடது. போய் மன்னிப்புக் கேட்டுட்டு வாங்க தம்பி."

செவ்வாய்க்கிழமை காலை இரண்டு பேருந்து மாறிச் சமயநல்லூர் போனோம். ஆப்பரேட்டர் வெள்ளை வேட்டி கட்டி, கூடுதலாக உயிரோடு இருப்பது தெரியும்படி நெற்றி நிறைய விபூதி பூசியிருந்தார். வழியில் எல்லாரிடமும் சத்தமாகப் பேசினார். எனக்குச் சன்னலோரம் உட்கார இடம் கிடைத்தும் ஊரைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் மரியாதையானவர்கள். தண்ணீர் கொடுத்தார்கள், கேசரி கொடுத்தார்கள். கூடத்தில் மாப்பிள்ளையின் அப்பா, அம்மா. ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் மாப்பிள்ளை, கைபேசியோடு.

"நீங்க நல்லா இருக்கீங்க. அது எங்களுக்குச் சந்தோசம்" என்றார் அந்த அம்மா. "ஆனா யாரோ உங்களுக்கு ஆகாதவன் செஞ்சிருக்கான்ல. பொண்ணு வீட்டுக்கு இம்புட்டுப் பகை இருந்தா நாளைக்கு எங்க வாசலுக்கும் வரும். அதான் யோசனையா இருக்கு."

"பகையெல்லாம் இல்லம்மா. நான்தான் செஞ்சேன்" என்றேன். வகுப்பு, புரொஜெக்டர், சிவப்புப் பட்டை எல்லாவற்றையும் சொன்னேன்.

மாப்பிள்ளையின் அப்பா பொறுமையாகக் கேட்டார். பிறகு ஆப்பரேட்டரைப் பார்த்து, "சம்பந்தி, பழியை ஏத்துக்க ஒரு ஆளைக் கூட்டியாந்திருக்கீங்க. உங்க கஷ்டம் புரியுது. ஆனா இவரைப் பாத்தா அம்புட்டு நேர்த்தியா டிசைன் பண்றவரு மாதிரியா தெரியுது?" என்றார்.

வாழ்நாளில் எத்தனையோ பொய்களை நம்ப வைத்திருக்கிறேன். ஒரே ஒரு உண்மையைச் சொல்லப் போனபோது என் பழைய சட்டைதான் பேசியது.

"அப்ப இங்கயே செஞ்சு காட்டுறேன்" என்றேன். யார் படத்தைப் போடுவது என்றதும் கூடத்தில் எல்லாரும் ஆளுக்கு ஒரு திசையில் பார்த்தார்கள். வேறு வழியில்லை. கைபேசியைத் திருப்பி என்னையே படம் எடுத்தேன். மேகம், புறா, விளக்கு. மாப்பிள்ளையின் அம்மா முதலில் எட்ட நின்று பார்த்தார். பிறகு பக்கத்தில் வந்தார். "அந்த ரோசாப்பூவை இன்னும் கொஞ்சம் கீழ எறக்கு. மூஞ்சியை மறைக்குது" என்றார். அப்பா, வயது போட வேண்டாமா என்று கேட்டார். மாப்பிள்ளை எழுந்து வந்து, எழுத்துக்குத் தங்க நிறம் நன்றாக இருக்கும் என்றான். உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது. நான்கு நிமிஷத்தில் செத்துப்போனேன். இவண் என்று போட்டுவிட்டு யார் பெயரைப் போடுவது என்று தெரியாமல் கை நின்றது. "நண்பர்கள்னு போடு" என்றார் ஆப்பரேட்டர்.

"இம்புட்டு லேசா?" என்றார் அந்த அம்மா. "நாங்க இதைப் பாத்தா பயந்தோம்?" கொஞ்ச நேரத்தில் வீடு இளகிவிட்டது. வெள்ளிக்கிழமையே வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். இன்னொரு தட்டுக் கேசரி வந்தது. மாப்பிள்ளை என் போஸ்டரை ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டான். எடுத்துக்கொள் என்றேன். இரண்டு நாளில் இரண்டாம் தடவை அதே கைதட்டல் ருசி. எனக்குப் புத்தி வர நேரமாகும்.

சாயங்காலம் ஊருக்குத் திரும்பியபோது ஆப்பரேட்டர் வாசலிலிருந்தே, "எல்லாம் பேசி முடிச்சாச்சுத்தா. வெள்ளிக்கிழமை வாராக" என்றார். மனைவி எழுந்து விளக்கேற்றப் போனார். மகள் தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்திருந்தாள்.

"வேண்டாம்ப்பா" என்றாள்.

"என்னது வேண்டாம்?"

"அந்த இடம்."

ஆப்பரேட்டர் என்னைப் பார்த்தார், நான் என்னவோ செய்துவிட்டது போல. அந்த முறை நான் எதுவும் செய்யவில்லை என்று நினைத்தேன்.

"நேத்து எனக்கு யாருப்பா சொன்னது, நீங்க செத்துட்டீங்கன்னு? உங்க மாப்பிள்ளை ஸ்டேட்டஸ்லதான் பாத்தேன். 'எங்கள் அன்பு மாமா மறைந்தார்'னு. எனக்கு ஒரு போன் பண்ணல. மொத ஸ்டேட்டஸ் போட்டாரு. ரெண்டு மாசமா தினம் பேசுறோம், என் நம்பரு அவருகிட்ட இருக்கு."

"பதட்டத்துல போட்டிருப்பாரு" என்றார் அம்மா.

"சரி, பதட்டம். அஞ்சு மணிக்கு நானே போன் பண்ணிச் சொன்னேன், அப்பா நல்லா இருக்காருன்னு. அழிச்சாரா? தானா மறையிற வரைக்கும், இன்னைக்கு மூணரை வரைக்கும் ஓடுச்சு. ஏன்னு கேட்டேன். நெறையப் பேரு பாத்து இரங்கல் சொல்லிட்டாங்க, இப்ப அழிச்சா ஒரு மாதிரி இருக்கும்ங்கிறாரு."

ஆப்பரேட்டர் மெதுவாகக் கீழே உட்கார்ந்தார். இடுப்பில் ஸ்பேனர் இல்லாததால் எங்கே கையை வைப்பது என்று தெரியாமல் முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"சின்னப் புள்ளை. தெரியாம செஞ்சிருக்கும்" என்றார்.

அவள் கைபேசியை எங்கள் பக்கம் திருப்பினாள். அதில் நான் இருந்தேன். மேகம், புறா, தங்க நிற எழுத்து, 'இவண்: நண்பர்கள்'. மேலே மாப்பிள்ளையின் வாசகம்: 'இன்று எங்கள் இல்லம் வந்த அண்ணன் இப்போது நம்மிடையே இல்லை.' கூடவே அழுகிற மூஞ்சிகள் மூன்று.

"நீங்க பஸ் ஏறுன கையோட போட்டிருக்காரு. இது பொய்யின்னு தெரியும். பக்கத்துலயே உக்காந்து பாத்திருக்காரு" என்றாள்.

"விளையாட்டுக்குத்தான் போட்டிருப்பாப்ல" என்றேன். எனக்காக யாராவது எங்காவது அழுதுகொண்டிருப்பார்களோ என்று ஒரு நினைப்பு வந்தது. அப்படி யாரும் இல்லை என்பதும் கூடவே வந்தது. அதனால் அவன் செய்தது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை போலும்.

"விளையாட்டுதான்ணே. நீங்களும் விளையாட்டுக்குத்தான் போட்டீங்க. கூடத்துல இருந்து யாரோ அனுப்புனதும் விளையாட்டுக்குத்தான். கல்லுப்பட்டியில இருந்து நான் ஒத்தச் செருப்போட வந்தேன்."

அவள் குரலை உயர்த்தவில்லை. நான் இதுவரை கேட்ட வசவுகளில் அம்மா வசவு, போலீஸ் வசவு, சாயப்பட்டறை மேஸ்திரி வசவு எல்லாம் உண்டு. எல்லாவற்றுக்கும் மனதுக்குள் ஒரு பதில் வைத்திருந்தேன். இவளிடம் மன்னிச்சிருங்க என்று மட்டும் சொன்னேன். அவள் கைபேசியை எங்கள் நடுவில் தரையில் வைத்தாள்.

"அப்ப அம்புட்டுதானா?" என்று மனைவி கேட்டார், விளக்குத் தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே. "மூணு வருசம் தேடுன இடம்."

"இன்னும் தேடுங்கம்மா. நானும் வேலை பாக்கிறேன்ல. ஒண்ணும் அவசரமில்ல."

வெளியே தெருக்குழாயில் குடங்கள் வரிசை போட ஆரம்பித்த சத்தம் கேட்டது. ஆப்பரேட்டர் சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்தார்.

"என்னன்னு சொல்ல? சாதகம் சரியில்லன்னு சொல்லிருவமா மாப்ள?" என்று என்னிடம்தான் கேட்டார். அப்படிப்பட்ட விஷயங்களில் எனக்கு அனுபவம் உண்டு என்று நினைத்தார். எனக்கும் உடனே மூன்று நல்ல பொய்கள் தோன்றின. வாயைத் திறக்கவில்லை.

"உள்ளதைச் சொல்லுங்கப்பா" என்றாள் மகள்.

"உள்ளதைச் சொன்னா நம்புவாகளா?"

"நம்பாட்டிப் போறாக."

அவர் எண்ணை அழுத்தினார். மணி போனது. அந்தப் பக்கம் எடுத்தார்கள்.

"சம்பந்தி, நான்தான் பேசுறேன்" என்றவர், இரண்டு நாள் பழக்கத்தில், "உசுரோடதான் இருக்கேன்" என்று சேர்த்துக்கொண்டார். அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது. அவர் சிரிக்கவில்லை. மகளை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "உங்க பையன் போனை வாங்கிப் பாருங்க. நாங்க இப்ப அதைத்தான் பாத்துக்கிட்டு இருக்கோம்" என்று ஆரம்பித்து, ஒன்று விடாமல் சொன்னார்.